கடைமடைக்கு வராத வைஃபை

“தங்கள் குறை தீர்க்கப்பட்டது. எங்களோடு இணைந்திருப்பதற்கு நன்றி.”

கைப்பேசியில் இந்தச் செய்தி வந்து விழுந்த நேரத்தில், முன்னறைக் கம்ப்யூட்டர் திரையில் ஐந்து பிள்ளைகள் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே உறைந்து போயிருந்தார்கள். ஒருவனுடைய விரல் மூக்குக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சலிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. என் மனைவி ‘எக்ஸ் ஸ்கொயர்’ என்று சொல்லி, ‘கேக்குதா?’ என்று கேட்டு, மறுபடியும் ‘எக்ஸ் ஸ்கொயர்’ என்று சொல்லி, மறுபடியும் ‘கேக்குதா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குத்தான் நன்றாகக் கேட்டது. எக்ஸ் ஸ்கொயரை வைத்து நான் என்ன செய்ய?

யாருடைய குறை தீர்ந்தது? எப்போது தீர்ந்தது? நான் காலையிலிருந்து வீட்டில்தானே இருக்கிறேன்? தீர்த்த மகராசன் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தீர்த்திருக்கக் கூடாதா? காப்பியாவது கொடுத்திருப்பேனே!

நான் பொதுவாகக் கோபக்காரன் இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வரட்டும், காத்திருக்கிறேன். பாசன வாய்க்கால்களைக் கவனிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் ஓய்வாக இருப்பவன். என் கையில் உள்ள ஒரே வித்தை கடிதம் எழுதுவது. ‘பொருள்’ என்று போட்டு, கீழே ‘பார்வை’ என்று போட்டு, அதற்குக் கீழே ஒருவனை நாற்காலியிலிருந்து எழுப்பி நிற்கவைக்கும்படி எழுத எனக்குத் தெரியும். அப்படி எவனும் எழுந்து நின்றதாகத் தகவல் இல்லை. அது வேறு விஷயம்.

என் மனைவி கணக்கு டீச்சர். ஒரு தனியார் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தாள். கடைசி வருடம் சேர்க்கை நேரத்தில், டீச்சர்மார் எல்லாரும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. இவள் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு சில மாதங்கள் அவளுக்குக் கிடைத்த ஒரே மாணவன் நான். நான் சட்டை மடிப்பது தப்பு, தேங்காய் உடைப்பது தப்பு, பஸ்ஸுக்கு நிற்கும் இடம் தப்பு. அவள் முகத்தில் இருந்த வாட்டத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் நிலைமை அதைவிடப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் கல்ஃபிலிருந்து அவளுடைய பழைய மாணவி ஒருத்தி கூப்பிட்டு, தன் மகனுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு சொல்லித்தர முடியுமா என்று கேட்டாள். ஒருவன் என்பது ஐந்து பேர் ஆயிற்று. சாயங்காலம் ஆறரை மணிக்கு வகுப்பு. ஆறேகாலுக்கே தலை வாரி, நல்ல சேலை உடுத்தி, பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்காருவாள். வீடு மறுபடியும் வீடானது. என் சட்டையை நானே எப்படி வேண்டுமானாலும் மடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் மழை பிடித்தது, கூடவே இந்தச் சனியனும் பிடித்தது. சத்தம் விட்டுவிட்டு வந்தது. படம் நின்றது. பழைய மாணவி ஒருநாள் போனில் பேசினாள். பேச்சை மனைவி எனக்கும் கேட்கும்படி போட்டாள்.

“டீச்சர், எங்க பிளாட்டுல இருபது பிள்ளையோ உண்டு. வருசம் முழுக்க ஒரு ஆளு வேணும். நான் ஒங்களத்தான் சொன்னேன். ஆனா உங்க சத்தம் துண்டு துண்டா வருகுண்ணு மத்த அம்மமாரு சொல்லுகாவ. அடுத்த மாசம் ரெண்டாம் வெள்ளிக்கிழம இங்க லீவாக்கும். எல்லாரும் இருந்து ஒங்க கிளாஸப் பாப்போம். செரியா வந்தா நீங்கதான். இல்லேண்ணா சென்னையில ஒரு ஆளு ரெடியா நிக்காரு. நான் என்ன செய்ய டீச்சர்?”

மனைவி ‘செரி மக்கா’ என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள். அதோடு உள்ளே போய், அடுக்களையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள். சென்னையில் ஒரு ஆளாம்! எனக்கு உச்சி கொதித்தது. கழுவும் சத்தம் நிற்கவே இல்லை. இந்த வகுப்பு போனால் அவளுக்கு இன்னொரு வகுப்பு கிடையாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பேனாவை எடுத்தேன்.

முதலில் போன். கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தால், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, முக்கியமானவர்களைக் காக்கவைப்பதற்கென்றே செய்த ஒரு வயலினை அழவிட்டது. நான் ஒரு தேங்காயை உரித்து முடித்த பிறகு ஒரு பெண் வந்தாள்.

“சார், ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?”

“பண்ணியாச்சும்மா.”

“இன்னொரு தடவை பண்ணுங்க சார்.”

“நேத்தைக்கு மட்டும் ஏழு தடவ பண்ணினேன். இனி ஒரு தடவ தொட்டா அது என்னக் கடிச்சுப்போடும்.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம்.

“கடிச்சதைத் தனிப் புகாரா பதிவு பண்ணிக்கட்டுமா சார்?”

அன்று சாயங்காலம் வகுப்பு நேரத்தில், யாரும் வராமலேயே, முதலில் சொன்ன அந்தக் ‘குறை தீர்க்கப்பட்டது’ வந்தது. மறுபடியும் போனில் கத்தியபின் மறுநாள் ஆள் வந்தார். நாற்பது தாண்டியவர், களியக்காவிளைப் பக்கத்துக்காரர். வீட்டுக்குள் வந்தும் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இணைப்புக் கொடுத்த அன்றைக்கு வந்தவரும் இதே ஹெல்மெட்தான். அன்று அவர், ரௌட்டர் பெட்டியை முன்னறையில் வைக்கலாம் என்றார். நான் விடவில்லை. முன்சுவருக்கு அப்போதுதான் பெயிண்ட் அடித்திருந்தது, இளநீல நிறம், அதில் ஓட்டை போடுவதா? ஆகவே வயர் கொல்லைப்பக்கமாக வந்து, முன்னறையை ஒட்டிய சாமான் அறையில் ஏறி, அங்கே சுவரலமாரியின் கீழ்த்தட்டில் பெட்டி உட்கார்ந்தது. முன்னறைக் கம்ப்யூட்டருக்குக் காற்று வழியாக வரட்டும். வயர்லெஸ் என்றுதானே விற்கிறார்கள்?

அந்தச் சாமான் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பாத்திரங்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. வெண்கல உருளி பெரிதும் சிறிதுமாக இரண்டு. பித்தளையில் ஒரு வார்ப்பு; ஒரு தெருவுக்கே சோறு வடிக்கலாம். செம்பில் ஒரு குட்டுவம். அதில் நான் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அப்புறம் தாம்பாளங்கள். எங்கள் இரண்டு பேருக்கு ஒரு சின்னக் குக்கர் போதும். விற்றுவிடலாம் என்று மனைவி பல வருடமாகச் சொல்கிறாள். நான்தான் விடுவதில்லை. காரணம், சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பிரதமன் பாயசம் கிண்ட உருளி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அலுமினியப் பாத்திரத்தைக் கண்டால் நல்ல சமையல்காரர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். ‘சாருக்க வீட்டு உருளி’ என்று பந்தியில் நாலு பேர் சொல்லும்போது, பிரதமனை நானே கிண்டியதுபோல் எனக்கு ஒரு நிமிர்வு வரும். மழையில் பரண் ஒழுகியதால், அவை எல்லாவற்றையும் கீழே இறக்கி, புளிபோட்டுத் தேய்த்து, சுவரலமாரிக்கு முன்னால் நானே கோபுரம்போல் அடுக்கிவைத்திருந்தேன். பெட்டியின் கண்சிமிட்டும் விளக்கும் மறைந்து பார்வைக்கும் நன்றாக இருந்தது.

ஹெல்மெட்காரர் கோபுரத்தைச் சுற்றிக் கையை விட்டு, கைப்பேசியைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“சாரே, நோக்குங்க. ஃபுல்லாக்கும் கிடைக்கது.”

“இங்க கிடைச்சு எனக்கு என்ன வேய்? கம்ப்யூட்டர் அங்கல்லா இருக்கு?”

“அங்க வரல்லேண்ணா அது கம்ப்யூட்டருக்க கொழப்பம். எங்க லைன் கிளீன்.”

“நீரு அங்க வந்து பாருமே.”

“எங்களுக்கு பெட்டி வரைக்குந்தான் டூட்டி சாரே.”

அவர் போய் வண்டியைக் கிளப்பும் முன்பே ‘குறை தீர்க்கப்பட்டது’ இன்னொரு தடவை வந்துவிட்டது.

வாசலில் நின்று பல்லைக் கடித்தேன். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால், மதகில் நின்று அளந்துவிட்டுப் போகிறானே, இது என்ன நியாயம் என்று மனதுக்குள் கத்தினேன். கத்தி முடிந்ததும்தான் எங்கோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று தோன்றியது. கேட்ட கதை இல்லை, எழுதிய கதை. வாய்க்கால் முடிகிற கடைமடையிலிருந்து விவசாயி வருவார். ‘சார், வயலு வெடிச்சுக் கெடக்கு, ஒருக்கா வந்து பாருங்க’ என்பார். நாங்கள் ஜீப்பில் ஏறி, வழியில் நிழலாக ஒரு மதகு வந்ததும் இறங்கி, அளவுகோலை விட்டுப் பார்ப்போம். ‘மதகில் நீர் சீராக உள்ளது. மனு முடித்துவைக்கப்படுகிறது’ என்று என் முத்துமுத்தான கையெழுத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! அதை வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் என் மேசைக்கு முன்னால் தாளை நாலாக மடித்தபடி நின்ற நிற்பு இப்போது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் எனக்கு ஒத்துவராத சமாசாரம். ஆகவே அதையும் கோபத்தில் சேர்த்து ஹெல்மெட் தலையிலேயே வைத்தேன்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் கடிதம் தயார். ‘பொருள்: கம்பியில்லா இணையம் கம்பியும் இல்லாமல் இணையமும் இல்லாமல் இருப்பது – தொடர்பாக.’ பார்வை ஒன்று முதல் ஆறு வரை. மூன்று பக்கம். கம்பெனியின் சென்னைத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபால். வெள்ளிக்கிழமை காலையில் நானே போய் ஒட்டி அனுப்பினேன்.

சனிக்கிழமை எதிர் வீட்டு அம்மா வந்தாள். மஸ்கட்டில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம். மகளுக்குத் திங்கட்கிழமை கல்யாணம்.

“மைனி, சமையக்காரரு உருளி வேணும்ணு ஒத்தக்கால்ல நிக்காரு. வார்ப்பும் குட்டுவமும் கூட வேணும். அண்ணாச்சி மனசு வைக்கணும்.”

அண்ணாச்சி மனசு வைத்தார். நாலு பேர் வந்து கோபுரத்தைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பு தொடங்கியது. ஐந்து பிள்ளைகளும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தார்கள். மூக்குக்குப் போன விரல் மூக்கைச் சென்றடைந்தது. ஒரு மணி நேரமும் ஒரு தடங்கல் இல்லை. திங்கள், செவ்வாய், புதன், அப்படியே. மனைவி அடுக்களையில் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

என்னைப் பிடிக்க முடியவில்லை. என் கடிதம்! மூன்றே பக்கத்தில் ஒரு கம்பெனியை ஆட்டி நிறுத்திவிட்டேனே! வெள்ளிக்கிழமை அனுப்பியது ஞாயிற்றுக்கிழமை சென்னையில் எப்படிப் பலன் தரும், ஞாயிற்றுக்கிழமை தபால் யார் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. எதிர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், எனக்கு இடப்பக்கம் இருந்தவரிடமும் வலப்பக்கம் இருந்தவரிடமும் கடிதத்தை முழுக்க ஒப்பித்தேன். வலப்பக்கத்துக்காரர் ரசத்துக்குக்கூட நில்லாமல் எழுந்து போனார். இரண்டு பேருக்கு மின்வாரியத்துக்கு மனு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். வியாழக்கிழமை காலை, கம்பெனிக்கு ஒரு நன்றிக் கடிதமும் எழுதித் தபாலில் போட்டேன். அதுவும் பதிவுத் தபால். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அன்று மத்தியானமே பாத்திரங்கள் திரும்பி வந்தன. இரவல் பாத்திரத்தை எங்கள் பக்கம் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். பெரிய உருளிக்குள் நேந்திரங்காய் வற்றலும், ஒரு தூக்கில் பிரதமனும், ஒரு குலை மட்டிப்பழமும் இருந்தன. வந்தவர்களைப் பக்கத்தில் நின்று அதிகாரம் செய்து, பழைய இடத்தில், பழைய மாதிரியே, ஒரு அங்குலம் பிசகாமல் கோபுரத்தைக் கட்டவைத்தேன்.

சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“பாத்தியா!” என்று கத்தினேன். “நன்றிண்ணு ஒரு வார்த்த எழுதினேன், அன்னைக்கே வேலையக் காட்டிட்டானுவ! மனுசத்தன்மை உண்டா இவனுவளுக்கு? திட்டினா ஓடுகான், கும்பிட்டா நிக்கான்!”

“கத்தாதீங்க. மைக்கு ஆன்ல இருக்கு” என்றாள் மனைவி. ஆன் ஆகியிருந்தும் ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பதுதான் ஆறுதல்.

பழைய மாணவி சொன்ன வெள்ளிக்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது. நான் களத்தில் இறங்கினேன். பெட்டியின் இரண்டு கொம்புகளை மாட்டுக்கொம்புபோல் விரித்தேன், பிறகு ஒடுக்கினேன். மகனுக்குப் போன் செய்து, அவன் சொன்னதில் பாதியைக் கேட்டு, பெட்டியின் உள் அமைப்பையே மாற்றினேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருந்த, வைஃபை பிடிக்கிற நகத்தளவு துண்டைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் திருடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தது. யாருமே கண்டுபிடிக்க முடியாத ஒரு பாஸ்வேர்டு போட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் அதை என்னாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது மெதுவாக வந்துகொண்டிருந்ததும்கூட நின்றது.

மனைவி ஒரு குண்டூசியால் பெட்டியின் பின்துளையைக் குத்தி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாள். புதன்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள். கையில் பென்சிலும் நோட்டும்.

“நீங்க ஒரே நேரத்துல அஞ்சு காரியத்த மாத்துகியோ. பொறவு எதுனால என்ன ஆச்சுண்ணு எப்படித் தெரியும்? ஒரு நேரம் ஒண்ணத்தான் மாத்தணும். மத்தது எல்லாம் அனங்காம இருக்கணும். நல்லா இருந்த நாலு நாளும் என்ன மாறிச்சு?”

“எனக்க கடிதாசி.”

“அது சென்னையில இருக்கு. இந்த வீட்டுக்குள்ள என்ன மாறிச்சு?”

யோசித்தேன். “நாலு நாளும் நான் சவரம் பண்ணல்ல.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து சாமான் அறை வாசலில் போய் நின்றாள். பெட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப்பக்கம் கம்ப்யூட்டர் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

“உருளி இல்ல. வார்ப்பும் இல்ல. சனிக்கிழம போய்ட்டு வியாழக்கிழம வந்துது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “ஏட்டி, உருளிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? வெண்கலம்லா அது? ரெண்டு தலமுறைக்கு நிக்கும். அதப்போயி…”

“நான் கம்ப்யூட்டர்ல இருந்து வேகம் பாக்கேன். நான் சொல்லச் சொல்ல நீங்க ஒண்ணொண்ணா எடுத்துத் தார்சாலுல வைங்க.”

தார்சால் என்றால் பின்பக்கத்து நடை. அவள் முன்னறையில் உட்கார்ந்து குரல் கொடுத்தாள்; நான் சுமந்தேன்.

“இப்ப ரெண்டு இருக்கு. தாம்பாளத்த எடுங்க.”

எடுத்தேன்.

“அதே ரெண்டுதான். சின்ன உருளி.”

எடுத்தேன்.

“அஞ்சு! பெரிய உருளி.”

அதை எடுப்பதற்குள் எனக்குக் கல்யாண நாள் முதல் எல்லாம் நினைவுக்கு வந்தது. “பதினாலு!” என்றாள் அங்கிருந்து. வார்ப்பை உருட்டிக்கொண்டு போனேன். “இருபத்தாறு!” குட்டுவத்தைத் தள்ளினேன். “நாப்பத்தொண்ணு!” அவள் குரலில் இருந்த துள்ளலைக் கேட்டு எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநொடியே சுருக்கென்றது. இத்தனை நாளும் பெட்டியின் அலையை மறித்துப் பிள்ளைகளின் வாயை அடைத்தது, என் கையால் புளிபோட்டுத் தேய்த்து, என் கையால் அடுக்கிய கோபுரம்!

“செரி, எல்லாத்தையும் திரும்பக் கொண்டு வைங்க.”

“எதுக்குட்டி?”

“ஒருக்கா வந்தா அது யோகமா இருக்கும். ரெண்டாமதும் வந்தாத்தான் நான் நம்புவேன்.”

கொண்டு வைத்தேன். இரண்டுக்கு இறங்கியது. மறுபடியும் எடுத்தேன். ஏறியது. அப்புறம் தரையில் படுத்தேன். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

பெட்டியை முன்னறைக்கு மாற்றித் தரச் சொல்லி ஹெல்மெட்காரருக்கு மனைவியே போன் செய்தாள். சுவரில் ஓட்டை போடலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இளநீலத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். வெள்ளிக்கிழமையைப் பாத்திரம் இல்லாமல் ஒப்பேற்றியாக வேண்டும்.

தார்சாலில் கிடந்தால் போதும் என்றாள் அவள். எனக்குப் போதவில்லை. அவமானப்பட்டவனுக்கு வரும் வைராக்கியம் எனக்கு வந்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்கூரையின் கீழ் ஒரு பொட்டுப் பித்தளை இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் முன்முற்றத்துக்கு உருட்டினேன். தாம்பாளம், செம்பு, கிண்டி, ஒன்றையும் விடவில்லை. குத்துவிளக்கில் கை வைத்தபோது மனைவி வந்து கையைத் தட்டிவிட்டாள். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெளக்க வெளிய தூக்கிட்டுப் போறியளா? வையுங்க அங்க.” அது மட்டும் உள்ளே நின்றது.

ஆறரைக்கு வகுப்பு தொடங்கியது. அங்கே இருபது பிள்ளைகளும் அம்மாமாரும் ஒரு கூடத்தில் கூடியிருந்தார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் காவல் நின்றேன். ஜன்னல் வழியாக மனைவியின் குரல் வந்தது. “ரெண்டு பேரு சேந்து ஒரு கெணத்தத் தூர் வாருகாங்க…” என்று கணக்கைத் தொடங்கினாள். அந்தப்பக்கத்திலிருந்து ஒரு பையன், “டீச்சர், மோட்டார் வச்சா?” என்று கேட்டான். பளிச்சென்று கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

எங்கள் பகுதியில் முற்றத்தில் உருளியும் வார்ப்பும் வந்துவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கோபத்தில் மறந்துவிட்டேன். முதலில் எதிர் வீட்டு அம்மா ஓடி வந்தாள்.

“அண்ணாச்சி, மவனுக்கு உறுதியாயிட்டா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே!”

“உஸ்ஸ்! ஒண்ணுமில்ல. நெட்டுக்காக வெளிய வச்சிருக்கு.”

“யாருக்கு?”

“நெட்டுக்கு.”

“பொண்ணு எந்த ஊரு?” என்றாள், குரலை இறக்காமல்.

அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர், நான் சொல்லாமல் கல்யாணத்தை நடத்தப் பார்க்கிறேன் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இன்னொருவர் பந்திக்கு எத்தனை இலை என்று கேட்டார். நான் கையைக் காட்டி, வாயைப் பொத்தி, ஜன்னலைக் காட்டி ஒவ்வொருவராக வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது, பழைய பாத்திரம் வாங்குகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிறுத்தினார். ஒலிபெருக்கியை அணைக்காமலேயே உள்ளே நுழைந்து, பெரிய உருளியை விரலால் சுண்டினார். அது கோயில் மணிபோல் ‘ங்ஙொய்ய்’ என்று நீண்டது.

“நல்ல சாதனம். என்ன வெலைக்குத் தாரிய?”

அதுவரை நான் அடக்கிவைத்திருந்ததெல்லாம், வயலின், ஏழு தடவை, ஹெல்மெட், சென்னை ஆள், இரண்டு பதிவுத் தபால், என் இடுப்பு, அத்தனையும் ஒன்றாகத் திரண்டு வெளியே வந்தது.

“விக்கதுக்கு இல்ல வேய்! உருளியத் தொட்டீருண்ணா கைய ஒடிச்சுருவேன்! உள்ள கிளாஸ் நடக்குண்ணு தெரியல்லியா? ஒருத்தனும் சத்தம் போடப்பிடாது! ஒருத்தனும்!”

தென்னையிலிருந்த காக்கை பறந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். ஜன்னலுக்கு உள்ளே ஒரு பெண்குரல் கேள்வி கேட்டது. பிறகு மனைவியின் குரல் எதையோ மெதுவாகச் சொன்னது. அந்தப்பக்கம் பல பேர் சிரிக்கிற சத்தம். கெடுத்துவிட்டேனா? மீதி நேரம் முழுக்க, குட்டுவத்துக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருந்தேன்.

ஏழரை தாண்டி அவள் கதவைத் திறந்து வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

“என்னாச்சு?”

“வாற ஞாயித்துக்கிழம முதல் இருபது பேரு.”

“ஒருக்காகூட நிக்கல்லியா?”

“நிக்கல்ல. சத்தம் நல்ல தெளிவுண்ணு எல்லா அம்மமாரும் சொன்னாவ. ஒருத்தி மட்டும் கேட்டா. டீச்சர், வெளிய ஒரு ஆளு கைய ஒடிச்சுருவேன்ணு விளிக்காரே, அது யாருண்ணு.”

“நீ என்ன சொன்ன?”

“எதிர் வீட்டுக்காரர்ணு சொன்னேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன், இரண்டு நாளாக இடுப்பொடியச் சுமந்தவன், ஒரே வார்த்தையில் எதிர் வீட்டுக்குப் போய்விட்டான்! “அப்பிடியா! நான் எதிர் வீட்டுக்காரனா?” என்று ஆரம்பித்தேன்.

“ஒரு பையன் கேட்டான், இவரு தினமும் வருவாராண்ணு. அப்பப்ப வருவாரு, நாம கண்டுக்கிடாம இருந்தா தானே ‘கட்’ ஆயிருவாருண்ணு சொன்னேன்.”

அதைச் சொல்லிவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் முகத்தை உர்ரென்றே வைத்திருந்தேன். என் பக்கத்து நியாயத்தை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க முடியாது.

அவள் உள்ளே போய், புது நோட்டில் இருபது பெயருக்குக் கோடு போட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்தது.

“எதிர் வீட்டுக்காரரே, ஒரு காப்பி போடும்!”

ஒரு எழுத்துக்கூடத் துண்டாகவில்லை. சரியாகவே கேட்டது.